ஒரெஸ்ட் குடிகாரன் இல்லை

எங்கள் ஊர் ஐஸ் அரங்கில் இருபத்தாறு வருடமாக வண்டி ஓட்டுகிறவன் ஒரெஸ்ட் மெல்னிக். ஹாக்கி ஆட்டத்தின் இடைவேளையில் அந்தப் பெரிய வண்டியோடு உள்ளே வருவான். கீறலும் குழியுமாகக் கிடக்கும் பனியைச் சுரண்டி, வெந்நீர் விட்டு, வழவழவென்று ஆக்கிவிட்டுப் போவான். மொத்தம் பதினோரு நிமிடம். கனடாவில் எங்கள் சஸ்காச்சுவான் மாகாணத்தில் குளிர் ஆறு மாதம், எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்த ஆறு மாதமும் அவன்தான் ராஜா. ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டே மறு கையால் குழந்தைகளுக்கு டாட்டா காட்டுவான். நான் கோலீன், அரங்கின் கேண்டீனில் உருளைக்கிழங்கு வறுக்கிறவள். அவனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்பதால் அவனைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. அவன் வேண்டாம் என்றாலும் பேசுவேன்.

போன அக்டோபரில் ஆள் இளைக்க ஆரம்பித்தான். சாஸ்கடூன் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குடலில் கிரோன்ஸ் நோய் என்றார்கள். மருந்தால் அடக்கி வைக்கலாம், அடியோடு போகாதாம். அந்தப் பெயர் ஒரு டாக்டருடைய பெயர் என்று தெரிந்ததும் இவன் அங்கிருந்த நர்ஸிடம் கேட்டிருக்கிறான்:

"அந்த மனுசனுக்கும் இது இருந்துச்சா?"

"இல்ல, அவர் இதப் பத்தி எழுதுனவர்."

"எழுதுனவன் நல்லா இருந்திருக்கான். ஒரு வரி எழுதாத எனக்கு எதுக்கு வந்துச்சு?"

இதை எனக்குச் சொன்னது அவன் மனைவி லெஸ்யா. "ஊர்ல யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான். நீயும் விட்டுடாத" என்றாள். சத்தியத்தை அவள் காப்பாற்றிய லட்சணம் அது.

எங்கள் ஊர் ஆண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாரடைப்பு வந்தவன் காபிக் கடையில் சட்டையைத் திறந்து தையலைக் காட்டுவான். முழங்கால் மாற்றிக்கொண்டவன் பனி உருகும்வரை அதைப் பற்றியே பேசுவான். ஆனால் குடல் என்ற ஒன்று அவர்களில் யாருக்கும் கிடையாது. ஒரெஸ்ட்டும் அப்படியே வளர்ந்தவன். நோயைவிட, அதை வாய்விட்டுச் சொல்வதற்குத்தான் நடுங்கினான்.

என் ஜன்னலுக்கு எதிரே கழிப்பறைக் கதவு. வண்டிக் கொட்டகையிலிருந்து அதற்கு நாற்பத்தோரு எட்டு என்று அவன் எண்ணி வைத்திருந்தான். ஒரு நீலப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடுவான். வெளுத்துப்போய், சுவரைப் பிடித்தபடி, வாயில் புதினா மிட்டாயோடு வெளியே வருவான். பை, மிட்டாய், தள்ளாட்டம். ஊர் வேறென்ன நினைக்கும்? ஒரெஸ்ட் குடிக்கிறான் என்று டிசம்பருக்குள் முடிவு கட்டிவிட்டார்கள். சர்ச்சில் கொடுக்கும் திராட்சை ரசத்துக்கே முகம் சுளிக்கிறவன் அவன்.

லெஸ்யா சொல்லி எனக்கு எல்லாம் தெரியும் என்பதையும், ஊர்ப் பேச்சையும் அவனிடம் சொன்னேன். கேட்டதும் கொதித்து எழுவான் என்று பார்த்தால், சந்தோஷப்பட்டான்.

"நல்லதாப் போச்சு. அப்படியே நெனச்சுக்கட்டும்."

"அறிவிருக்காடா? குடிச்சிட்டு வண்டி ஓட்டுறான்னு சாவியப் புடுங்கிருவாங்க!"

"குடிகாரன்னா திட்டுவாங்க, கோலீன். இதுன்னு தெரிஞ்சா பாவம்னு பாப்பாங்க. அந்தப் பார்வைய என்னால தாங்க முடியாது."

எனக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

ஜனவரியில் அரங்கக் கமிட்டி அவனைக் கூப்பிட்டது. என் கேண்டீன் மேஜையில்தான் கூட்டம். தலைவர் வால்ட்டர் ஃப்ரீசன் உரக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷன், ஆனால் தன்னைப் போலீஸ் என்று நினைத்துக்கொள்வார். வண்டிச் சாவியை மேஜை நடுவில் வைத்தார்.

"ஒரெஸ்ட், நாங்க உனக்கு எதிரி இல்லப்பா. ரெஜைனாவுல குடிய நிறுத்துற எடம் ஒண்ணு இருக்கு. மூணு மாசம் தங்கிட்டு வா. அதுவரைக்கும் சாவி எங்ககிட்ட இருக்கட்டும்."

ஒரெஸ்ட் சாவியைப் பார்த்தான். "சரி, போறேன்" என்றான்.

வறுவல் கூடை என் கையிலிருந்து விழுந்தது. குடிக்காத குடியை நிறுத்த மூன்று மாதம் அடைபடச் சம்மதிக்கிறான்!

"டேய், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் என்னை முறைத்தான். பிறகு பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தான். ஈரத் துடைப்பான் ஒரு பாக்கெட். கழிப்பறைக் காகிதம் ஒரு சுருள். மடித்த ஜட்டிகள் இரண்டு. குடல் படம் போட்ட ஆஸ்பத்திரிச் சிறுநூல்.

ஃப்ரீசன் பைக்குள் எட்டிப் பார்த்தார். "பாட்டில் எங்க?"

"பாட்டில் இல்ல வால்ட்டர். எனக்குக் குடல்ல நோய். வரும்போது வரும், என்னக் கேட்டுட்டு வராது." சொல்லிவிட்டு, ஐம்பத்துநாலு வயது ஆள், அந்த ஜட்டிகள் முன்னால் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான். நானும் அழுதேன். இந்த முறை பக்கத்தில் வெங்காயம்கூட இல்லை.

ஃப்ரீசன் சாவியை அவன் பக்கம் தள்ளினார். "ஆட்டத்துக்கு நடுவுல வந்துட்டா?"

"வண்டிய நிறுத்திட்டுப் போவேன்."

"போ. நாங்க இருக்கோம்."

அந்தச் சனிக்கிழமை மத்தியானமே, ஆட்டத்தின் இடைவேளையில் வந்தது. பாதிப் பனி பளபளக்க, பாதி கீறலாகக் கிடக்க, நட்டநடுவில் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான். பனியில் ஓட முடியாது. வாத்து மாதிரி குட்டி எட்டு வைத்துப் போனான். எங்கள் ஊர்க்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். வெளியூர்க் கூட்டத்திலிருந்து ஒருத்தன் கத்தினான்: "டிரைவர் எங்கய்யா போறான்? குடிச்சிருக்கானா?"

ஃப்ரீசன் எழுந்து நின்றார். மைக் இல்லாமலே அவர் குரல் தகரக் கூரையில் மோதியது.

"அவன் குடிக்க மாட்டான்! அவனுக்குக் குடல்ல நோய்! போயிட்டு வருவான், பேசாம உக்காருய்யா!"

முன்னூறு தலைகள் கழிப்பறைப் பக்கம் திரும்பின. அவன் மூன்று மாதம் பயந்த அந்த வார்த்தை எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. இனி இவன் வெளியே வரவே மாட்டான் என்று நினைத்தேன்.

கழிப்பறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வால்ட்டர்! இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு! பக்கத்து மானிட்டோபா மாகாணத்துல யாருக்கோ கேக்கலையாம்!"