சிவப்பு விழுந்தது ரிஸ்னாவின் புளொக்கில்

திங்கட்கிழமை வீடியோ கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு நல்ல ஏச்சு விழுந்தது. பிழை என்னுடையது! நான்... மைக்கை அணைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

ரிஸ்னா, கிண்ணியாவில் வீட்டிலிருந்தே சிப் டிசைன் செய்கிற இஞ்சினியர். நான் ஓய்வு பெற்றும் ஓயாமல், திருகோணமலையிலிருந்து அதே வேலையை ஒப்பந்தத்தில் செய்கிற கிழவன். ஒரே சிப்; அதில் புளொக் என்கிற ஒரு பகுதி அவளுக்கு, பக்கத்துப் புளொக் எனக்கு.

சிப்புக்குள் ஒரு கடிகாரத் துடிப்பு உண்டு. மரம்போலக் கிளை பிரிந்து, எல்லா மூலைக்கும் அது ஒரே நேரத்தில் போய்ச் சேரவேண்டும். இறக்கக்கண்டியில் இருந்தும் மூதூரில் இருந்தும் புறப்படுகிறவர்கள் ஒன்றாக டவுனில் இறங்க வேண்டுமென்றால், யாருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முதலே தெரிய வேண்டாமா? அதனால், எங்கள் புளொக்குக்குள் துடிப்பு எவ்வளவு தாமதிக்கும் என்று இருவரும் சொல்லிக் கொடுத்தோம். அதை வைத்துத்தான் முழுச் சிப்பையும் பொருத்துகிறவர்கள் வெளிப்பாதையைச் சமப்படுத்தினார்கள்.

கொடுத்த பிறகு நான் சும்மா இருந்தேனா? தாமதத்தைக் குறைத்து அழகு பார்த்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. துடிப்பு வந்ததும் டேட்டா புறப்பட்டுவிடும். விளைவு — என் டேட்டா முந்திக்கொண்டு ஓடி அவளுடைய வாசலில் இடித்தது. சிப்பைச் சோதிக்கிற மென்பொருளின் ரிப்போர்ட் இடிபட்ட இடத்தைத்தான் முதலில் சிவப்பில் காட்டும். அதற்குமேல் யார் வாசிக்கிறார்கள்?

“வெள்ளிக்குள்ள சரிவராட்டி வேற ஆளைப் போடுவன்” என்றார், கொழும்பில் இருக்கும் எங்கள் குழுத் தலைவர்.

கூட்டம் முடிந்ததும் ரிஸ்னா போன் எடுத்தாள்.

“சேர், பொறகு உங்கட புளொக்கில கை வெச்சீங்களா?”

“ஓம் பிள்ளை... கொஞ்சம் வேகமாக்கினனான்.”

“கொஞ்சமா? வீட்டுக்காரர் எழும்ப முதல் கதவைத் தட்டுற விருந்தாளி மாதிரியெல்லோ வந்து நிக்குது! அங்க ஏன் வாய் தொறக்கல்ல?”

“வெக்கமா இருந்தது.”

“எனக்கு வேலை போகுது, உங்களுக்கு வெக்கம்!”

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: பிழை என்னுடையது, என் புளொக்கில் பழைய கடிகார மரத்தையே திரும்பப் போடுகிறேன், ரிஸ்னா எதையும் மாற்றத் தேவையில்லை.

தலைவர் சிரித்தார். “பரவாயில்ல சேர், உங்கட அனுபவத்துக்கு இதெல்லாம் சகஜம்.”

அவ்வளவுதான்! ரிஸ்னாவிடம் ஒரு மன்னிப்பு? அதுவும் இல்லை.

செய்யாத பிழைக்கு அவளுக்கு வெள்ளிக்கிழமைக் கெடு. செய்த பிழைக்கு எனக்கு ‘அனுபவம்’ — ஒரு ஏச்சாவது தந்திருக்கலாம்!