மச்சான் காருக்குப் பெரிய இன்ஜெக்டர்

என் மனைவிக்கு வாய் அதிகம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. லேப்டாப்பைக் காரில் செருகிவிட்டால் அவளிடமிருந்து மூன்றே வார்த்தைதான் வரும்: மிதி, விடு, மறுபடியும். என்ஜினை ஆட்டிப்படைக்கிற கம்ப்யூட்டரைத் திருத்துவது அவள் தொழில். செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தவள், பழுதான கார் கம்ப்யூட்டர் ஒன்று கைக்கு வரவும் அதிலேயே விழுந்துவிட்டாள். நான் பஸ் ஓட்டுகிறவன். லீவு நாளில் அவளுக்கு வலது கால் நான்தான்.

மச்சான், அதாவது அவள் தம்பி, மலைப்பாதைக் கார் பந்தயத்துக்கு முதல் முறையாகப் பேர் கொடுத்திருந்தான். என்ஜினில் டர்போ வைத்து, பெரிய இன்ஜெக்டரும் மாட்டியாயிற்று. இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுகிற சின்னக் குழாய். குழாய் பெரிதானால் அதே நேரத்தில் அதிகம் கொட்டும். அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டும். அக்காவிடம் கொடுத்தால் நாளாகும் என்று மச்சான் ஐயா, போன வருஷம் ஜெயித்த நண்பனின் கார் கம்ப்யூட்டரில் இருந்த கணக்கு ஃபைலை வாங்கித் தன் காரில் அப்படியே ஏற்றிவிட்டார்.

வண்டி பறந்தது. ஆனால் சிக்னலில் நிற்கும்போது என்ஜினைக் குளிர்விக்கிற விசிறி ஓடினால் குலுங்கி அணைந்துவிடும். அதை மட்டும் சரிசெய்யச் சொல்லிப் பந்தயத்துக்கு முந்தின நாள் கொண்டுவந்தான். அவள் ஃபைலைப் பார்த்தாள். முழுவதையும் அழித்தாள்.

எனக்கே பகீரென்றது, அவனுக்குக் கேட்கவா வேண்டும். ஜெயித்த ஃபைல் அது என்று குதித்தான். நண்பன் வண்டியில் பெட்ரோல் வருகிற அழுத்தம் வேறு, அதனால் இதே இன்ஜெக்டர் அங்கே கொட்டுகிற அளவும் வேறு என்று அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். மேட்டில் முழு மிதியில் பெட்ரோல் போதாமல் போனால் பிஸ்டன் உருகிவிடும். அவனிடம் இருப்பது ஒரே என்ஜின்.

"நீ எனக்கு அக்காவா, இல்ல இன்ஸ்பெக்டரா?"

"இந்த ஒயரைக் கழட்டுற வரைக்கும் அக்கா இல்ல. பின்னாடி ஏறி உக்காரு."

கரண்ட் வந்ததும் இன்ஜெக்டர் உடனே திறந்துவிடாது, துளி தாமதிக்கும். பாட்டரி சோர்ந்தால் தாமதம் கூடும். ஃபைலில் இருந்த அந்தக் கணக்கு நண்பன் வண்டிக்குப் போட்டது. அவள் புதிதாகப் போட்டுவிட்டு, பாட்டரியைச் சோரவைத்துப் பார்க்க உச்சி வெயிலில் ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாவற்றையும் போடச் சொன்னாள். தெருவே வேடிக்கை பார்த்தது. காய்கறி விற்கிறவர் மழை வருகிறதா என்று வானத்தை அண்ணாந்து பார்த்தார். என் மானம் கப்பலேறியது, ஆனால் என்ஜின் சீராக ஓடியது.

பிறகு கிடங்குகளுக்குப் பின்னாலிருந்த காலிச் சாலை. மிதி என்றாள், மிதித்தேன். பாதியில் விடு என்றாள். வேகம் ஏற ஏற என்ஜினுக்குப் பெட்ரோல் போதாமல் போவதைத் திரை காட்டியிருக்கிறது. கொஞ்சம் கூட்டினாள். மறுபடியும் மிதி. திருப்தியாகும்வரை என் காலுக்கு ஓய்வில்லை. நண்பன் ஃபைலில் வேகம் இன்னும் அதிகம் என்று பின்சீட்டிலிருந்து முணுமுணுப்பு வந்தது. எனக்கும் அப்படித்தான் பட்டது. சொல்லவில்லை, வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமே.

மறுநாள் மலையடிவாரத்தில் லேப்டாப்பை அவன் மடியில் வைத்தாள். பழைய ஃபைல் அவன் செல்போனில் இருப்பது அவளுக்குத் தெரியும்.

"அது வேணும்னா நீயே போட்டுக்க. நான் போட மாட்டேன்."

 அவன் லேப்டாப்பை மூடிக் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினான்.

வண்டி கிளம்பியதும் அவள் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் பயம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது, பாவமாக இருந்தது. வண்டி வளைவில் மறைந்தது. என்ஜின் சத்தம் மட்டும் மலைமேலிருந்து வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒலிபெருக்கி ஏழாவது இடம் என்றது.

அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கீழே வந்து இறங்கினான். இதோ ஆரம்பிக்கப்போகிறது சண்டை என்று நினைத்தேன். நேராக அக்காவிடம் போனான்.

"என்ஜின்ல ஒரு குறையும் இல்லக்கா. மேல கடைசி வளைவுல நான்தான் பயந்து காலை எடுத்துட்டேன்."

"தெரியும்டா," என்றாள். "கேட்டுச்சு."