கைதேர்ந்த ஆள்

நேற்று மருமகன் பீட்சா வாங்கி வந்தான். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் என் கைகள் என்னைக் கேளாமலே வெறும் பெட்டியைப் பிரித்து, தட்டையாக்கி, மறுபடி மடித்து வைத்தன.

"இஞ்சாருங்கோ, குப்பைக்குப் போற பெட்டிக்கு என்னத்துக்கு இந்த அலங்காரம்?" என்றாள் மனைவி.

விரலில் அட்டை வாசனை. லாசால் என்ற ஊரில், யன்னல் இல்லாத ஒரு தொழிற்சாலையில், பதினெட்டு வருடம் பெட்டி மடித்தேன். அதற்கு முன் யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். விதிக்கோவை முழுக்க மனப்பாடம். கனடாவில் யாரும் ஒப்புவிக்கச் சொல்லவில்லை.

வருடமொருமுறை, உங்களைப் பற்றி நீங்களே எழுதுங்கள் என்று பிரெஞ்சில் ஒரு படிவம் தருவார்கள். நம்மவர்களுக்கெல்லாம் நான்தான் நிரப்புவேன். ஏழாவது வருடம், எங்கள் தொழிற்சாலையின் புவாண்ட்-கிளேர் அலுவலகத்தில் எழுத்தர் இடம் ஒன்று காலியானது. மேசை, நாற்காலி, யன்னல். படிவங்களைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள்.

பக்கத்தில் நின்று மடிப்பவன் மன்னார்ச் சூசை. அவன் மடித்த பெட்டிகள் நிற்கவே யோசிக்கும்.

"அண்ணை, எனக்கு என்ன எழுதப் போறியள்?"

"உள்ளதை."

"உள்ளதை எழுதினா வேலை போயிடும்."

அவனுக்கு, கைவேகம் போதாது, எழுத்து வேலையில் விருப்பம் என்று எழுதினேன். எனக்கு அகராதி புரட்டி, 'கைதேர்ந்த' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லைப் போட்டேன். பழகிப் பழகித் திறமை பெற்ற என்று பொருள். தச்சனைச் சொல்வோம், சமையற்காரனைச் சொல்வோம், திருடனைக்கூடச் சொல்வோம். மேசைக்குப் பின்னால் இருப்பவரை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதை அன்றே யோசித்திருக்கலாம்.

இத்தனை கைதேர்ந்தவரை விட்டுவிட்டு நான் என்ன செய்வது என்று மேற்பார்வையாளர் அம்மா என் தோளைத் தட்டினார். சூசை அலுவலகம் போனான்.

"நீங்கள் எழுதினதுதான் அண்ணை என்னைக் காப்பாத்தினது," என்றான். அவன் கிண்டல் செய்யவில்லை என்பதுதான் சங்கடம்.

அடுத்த வருடம் சொல்லை மாற்றியிருக்கலாமே என்பீர்கள். முன்னைய பதிவுக்கு முரணாக எழுதுவது கச்சேரியில் குற்றம். ஆகவே பதினொரு படிவங்களிலும் அதே சொல்லை, அதே அழகான கையெழுத்தில் எழுதினேன்.

பேந்தொருநாள் சூசையிடம் கேட்டேன்: "யன்னலுக்கு வெளியில என்ன தெரியும்?"

"பாத்ததில்லை அண்ணை. எனக்கு அது முதுகுப் பக்கம்."

சூசை இப்போது இல்லை. அந்த அலுவலகமும் இல்லை. லாசாலில் தொழிற்சாலையை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன்: சுவர் முழுக்க யன்னல்.