முடிச்சுக் கயிறு

பழம்புடவையைக் கிழித்து முறுக்கிய கயிறு அது. சாணுக்கு ஒரு முடிச்சு. என் பெட்டியின் அடியில் இன்னும் கிடக்கிறது.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் பாதி காலியாகிக் கிடந்த காலம். பர்மாவிலிருந்து காடும் மலையும் நடந்து வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளுக்காகத் திருவொற்றியூரில் ஒரு கிடங்கில் பள்ளிக்கூடம் நடந்தது. நான்தான் டீச்சர். வேலைக்குப் புதுசு, பயத்துக்குப் பழசு. கதவு படாரென்று சாத்தினாலே கையிலிருக்கும் சாக்கட்டியைக் கீழே போட்டுவிடுவேன்.

அப்படி நடந்து வந்த ஓர் அம்மாள் தன் மகளை வகுப்புக்கு அனுப்பினாள். ஆனால் கயிற்றின் ஒரு முனை மகளின் மணிக்கட்டில், மறுமுனை ஜன்னலுக்கு வெளியே குந்தியிருக்கும் தன் மணிக்கட்டில். பர்மாவிலிருந்து வரும் வழியில், நெரிசலில், மூத்த மகனின் கையை விட்டுவிட்டாளாம். பிறகு அவன் கிடைக்கவே இல்லை.

"இன்னாமே, கன்னுக்குட்டியாட்டம் கட்டி வச்சிகினு கீற? அவுத்து வுடு, படிக்கட்டும்" என்பார் காவல்காரர்.

"விட்டா போயிரும்யா. அபாயச் சங்கு ஊதுச்சுன்னா இழுத்துக்கிட்டு ஓடிருவேன். அப்புறம் பள்ளிக்கூடமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

சொன்னால் செய்துவிடுவாள். அரிச்சுவடி முடிக்கும் முன்பே அந்தச் சிறுமி போய்விடுவாளோ என்று தினமும் பயந்தேன்.

ஒரு முற்பகல் சங்கு ஊதியது. ஒத்திகையா, நிஜமா, யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் அலறிக்கொண்டு மூலைக்கொருவராகச் சிதறினார்கள். பதுங்குகுழி மைதானத்துக்கு அப்பால் இருந்தது. நான் கரும்பலகையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். ஜன்னல் கயிறு விறைத்தது. அவ்வளவுதான், மகளைக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் உள்ளே வந்தாள். இரண்டு மணிக்கட்டுகளிலும் இருந்த கட்டைப் பல்லால் அவிழ்த்தாள். கயிற்றைத் தரையில் நீளமாக வீசி, "முடிச்சப் புடிங்க!" என்றாள். அலறிய பிள்ளைகள் வாய் மூடி வந்து ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்தார்கள். காட்டுவழியில் ஒவ்வொரு கூட்டமும் அப்படித்தான் நடந்து வந்ததாம், எனக்குத்தான் தெரியாது. முன் முனையை என் கையில் திணித்து, "நீங்க நடங்க டீச்சர், நான் பின்னால வாரேன்" என்றாள். நடந்தேன்.

அன்று எதுவும் விழவில்லை. மறுநாள் காலை மகளோடு கயிற்றையும் என்னிடம் கொடுத்தாள். "விட்டுராதீங்க" என்றவள், திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே கூலி வேலைக்குப் போனாள். அந்தப் பெண் அங்கேயே ஐந்தாவது வரை படித்தாள். அவள் வீடு போய்ச் சேரும் வரை தினமும் நான் வாசலிலேயே நிற்பேன்.

இப்போது எண்ணூர்ப் பக்கம் ஆலைச் சங்கு ஊதினால் ஷிப்டு மாறுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் பெட்டியைத் திறந்து கயிற்றின் முன் முனையைப் பிடித்துக்கொள்கிறேன். சத்தம் ஓயும் வரை விடுவதில்லை.