இழுத்துக் கட்டிய வலை

மைதானத்தில் அவரை எல்லோரும் முடிச்சு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அங்கே கோல் வலையோ கைப்பந்து வலையோ, எதைக் கட்டுவதானாலும் அவர்தான். வீட்டிலும் கை சும்மா இருக்காது. அவர் முடிச்சுப் போட்டு வைத்த சர்க்கரைப் பையைத் திறக்க மனைவி கத்தரிக்கோலைத் தேடுவாள். தேடும்போதே அவர் வம்சத்தை ஒரு பிடி பிடிப்பாள்.

சர்வதேசத் தடகளப் போட்டி இந்த மைதானத்துக்கு வந்தபோது, ஆண்கள் சம்மட்டி எறிதலுக்கான கூண்டு அவர் பொறுப்பானது. சம்மட்டி என்றால் கம்பியின் முனையில் ஏழு கிலோ இரும்புக் குண்டு. சுழன்று வீசுகிறவன் கை தவறினால் அது எங்கே பாயும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் அவன் நின்று வீசும் வட்டத்தைச் சுற்றி உயரமான வலை. அது தளர்ந்து தொங்க வேண்டும். விறைப்பாக இருந்தால் குண்டு பட்ட வேகத்தில் வீசியவன் மீதே திரும்பி வரும்.

இதெல்லாம் அவருக்குத் தெரியாததா? ஆனால் முந்தின நாள் பயிற்சியை டிவியில் பார்த்த மனைவி போனில் சிரித்தாள்.

"என்னங்க, ஊரே பாக்குது, உங்க வலை நம்ம வீட்டுத் துணிக்கொடி மாதிரி தொங்குது?"

சுருக்கென்று தைத்தது. மறுநாள் காலை, நடுவர்கள் சோதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு, வலையின் அடியை ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டினார். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. புத்தி அப்போது எங்கே மேயப் போயிருந்ததோ.

போட்டி தொடங்கியது. முதல் இருவர் நேராக வீசினார்கள். மூன்றாவதாக வந்த நெட்டையன், பயிற்சியில் மூன்று தடவை வலையில் அடித்தவன். முடிச்சு அண்ணன் தான் இழுத்துக் கட்டிய வலையைப் பார்த்தார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அவன் மண்டை போகும். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடினார்.

தலைமை நடுவர் அம்மா சிவப்புக் கொடியோடு வந்தார். "என்ன ஆச்சு?"

"நிறுத்துங்க மேடம். வலை விறைப்பா இருக்கு. குண்டு திரும்பி அடிச்சிரும்."

"காலைல நான்தானே பாத்தேன்? சரியா இருந்துச்சே."

"அப்புறம் நான்தான் இழுத்துக் கட்டினேன். டிவில அழகாத் தெரியட்டும்னு."

அவரை ஏற இறங்கப் பார்த்தார் நடுவர். "அஞ்சு நிமிஷம். போய் அவுருங்க."

அவர் போட்ட முடிச்சு அவருக்கே அவிழவில்லை. பல்லால் கடித்தார். நகம் பெயர்ந்தது. மனைவி இத்தனை வருஷம் பட்ட பாடு அன்றைக்குத்தான் புரிந்தது. கடைசி இரண்டு முடிச்சுகளைக் கத்தியால் அறுத்தார்.

நெட்டையன் சுழன்றான். நாலாவது சுற்றில் கால் இடறி, குண்டு நேராக வலைக்குள் பாய்ந்தது. வலை வயிறு உப்பி அதை வாங்கிக்கொண்டு, பொத்தென்று கீழே போட்டது. நெட்டையன் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே நடந்தான், முழுசாக.

போன உயிர் திரும்பி வந்தது. முடிச்சு அண்ணன் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். நடுவர் அம்மா தூரத்திலிருந்து விரலை ஆட்டி எச்சரித்துவிட்டு, அடுத்தவனைக் கூப்பிட்டார். அவ்வளவுதான், வேலையும் தப்பித்தது.

போன் அடித்தது. "ஏங்க, அவ்வளவு அழகா இருந்துச்சு, மறுபடியும் தொங்க விட்டுட்டீங்களே!"

"தொங்கட்டும்டி." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இனிமே சர்க்கரைப் பையை நீயே கட்டிக்கோ."