சேவுகம்பட்டியில் அடித்த ஹாரன்

காலேஜ் பஸ் ஓட்டுறவனுக்குக் கண்ணாடி ரெண்டு: ஒண்ணுல ரோடு தெரியும், இன்னொண்ணுல எந்தப் பிள்ளை இன்னைக்கு வரலைன்னு தெரியும். பிள்ளைகளைப் படிக்க அனுப்பிட்டு ரோட்டையே பாத்து நின்னவுகளுக்கு நான் சொல்றது புரியும். சயின்ஸ் படிக்கச் சேரும்போது பஸ்ஸுல நிக்க இடமிருக்காது. மூணாம் வருசம் பாத்தா, பாதி ஸ்டாப்புல யாரும் கை காட்ட மாட்டாக.

முதல் நாள்

சேவுகம்பட்டியில ஏறுன பிள்ளை தனம். பிசிக்ஸ். அந்த வீட்டுல காலேஜ் வாசலை மிதிக்கிற முதல் ஆள். ஏத்திவிட வந்த அவ அப்பா முத்துக்கருப்பனுக்கு மல்லிகைத் தோட்டம். முகூர்த்தத்துக்கு முந்துன நாள் பூ விலை ஏறும், வீட்டுல இருக்கிற கையெல்லாம் தோட்டத்துல நிக்கணும். பிள்ளை உள்ள போனதும் என் ஜன்னல் பக்கம் வந்து மெதுவாச் சொன்னாரு:

“படிக்கட்டும்ணே. முகூர்த்த சமயத்துல மட்டும் ஹாரன் அடிக்காதீக. பிள்ளைக்குத் தோட்டத்துல மனசு நிக்காது.”

காலி சீட்டு

சொன்னபடியே, முகூர்த்தம் வந்தா தனம் வரமாட்டா. நானும் சத்தமில்லாமத் தாண்டிப் போவேன். அவ பக்கத்து சீட்டு சபீனா, பேகம்பூர்ல தோல் குடோன் வச்சிருக்கவரு மக. தனம் வராத நாளெல்லாம் பையை வச்சு இடம் பிடிச்சிருப்பா. வராதவளுக்கு எதுக்குடி சீட்டுன்னு ஒருத்தி உக்காரப் போனா. சபீனா அசையவே இல்லை:

“தாராளமா உக்காரு. பைக்குள்ள கவராயம் முள்ளு மேல பாத்து இருக்கு, அம்புட்டுத்தான்.”

கடைசி பிராக்டிகல்

மூணாம் வருசம் கடைசி பிராக்டிகல், முகூர்த்தத்துக்கு முந்துன நாள்ல வந்து விழுந்துச்சு. விட்டா ஒரு வருசம் போச்சு. வீட்டுல ஒரு வருசம் சும்மா இருக்கிற பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்காம விடுவாகளா?

அன்னைக்கும் ஸ்டாப்புல தனம் இல்லை. ரோட்டோரத் தோட்டத்துல குனிஞ்சு பூ எடுத்துக்கிட்டிருந்தா. சபீனா வண்டியை நிறுத்தச் சொன்னா, ஆபீஸ்ல கேட்டா பஞ்சர்னு சொல்லச் சொன்னா. நான் பிரேக் போடவும் பஸ்ஸுல இருந்த பிள்ளைக அம்புட்டும் இறங்கித் தோட்டத்துக்குள்ள புகுந்துருச்சுக. ஆளுக்கு ரெண்டு செடி பறிச்சுட்டா தனம் கிளம்பிரலாம்னு கணக்கு.

முத்துக்கருப்பன் கூடையை எட்டிப் பாத்தாரு. நாளைக்கும் நாளை மறுநாளும் பறிக்க வேண்டிய பச்சை அரும்பையெல்லாம் கிள்ளிப் போட்டிருந்தாளுக. தலையில கை வச்சவரு, மக பக்கம் திரும்பினாரு:

“ஏத்தா தனம், நீயும் இவளுகளோட கிளம்பு. இன்னும் நின்னாளுகன்னா செடியையும் பிடுங்கிப்புடுவாளுக.”

பட்டம் வாங்குன நாள்

அன்னைக்கு ஸ்டாப்புல தனத்தோட அவரும் நின்னாரு, சலவை வேட்டியில. ஏறுனதும் எல்லாப் பிள்ளைக்கும் ஆளுக்கொரு முழம் மல்லிகை குடுத்தாரு. சபீனாவுக்கு ரெண்டு முழம். மறுநாள் முகூர்த்தமாச்சே, தோட்டத்துல யாருன்னு கேட்டேன். என் பின்னாடி சீட்டுல நல்லா உக்காந்துக்கிட்டுச் சொன்னாரு:

“யாருமில்லை. பூத்துட்டுப் போகுது. நீங்க ஹாரனை அடிங்கண்ணே.”

என் சர்வீசுல எத்தனையோ பஞ்சர் பாத்துட்டேன், டிகிரி வாங்கிக் குடுத்த பஞ்சர் அது ஒண்ணுதான்.