கட்டை அவிழ்த்து அப்பாவைப் பீடோருக்குக் கொண்டுபோனது

பெற்றோரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று இந்த வலைப்பூவில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பதிலாக என்னிடம் இருப்பது ஒரே ஒரு பயணம்தான். 1983 மார்ச்சில், மலேசியாவின் ஈப்போவிலிருந்து பீடோருக்கு.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் இறக்கியவர். மறதி நோய் முற்றி, பேச்சும் நடையும் போய், என்னையும் மறந்திருந்தார். ஈப்போவில் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் சாப்பிட வாயே திறக்கவில்லை; குளுக்கோஸ் மட்டும்தான் ஏற்றினார்கள். கை மட்டும் ஓயாது. ஊட்டுகிறவர்களைத் தட்டிவிடுகிறார் என்று இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். அடுத்து மூக்கில் குழாய் என்றதும் எனக்கு வந்ததே கோபம்! கையெழுத்துப் போட்டு அவரை வெளியே எடுத்துவிட்டேன். பீடோருக்கு உள்ளே, துண்டு துண்டாகப் பிரித்து விற்றுவிட்ட ஒரு தோட்டத்தின் பழைய ஆஸ்பத்திரியில் இப்படிப் படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் கிளம்பினேன்.

காலை 9 மணிக்கு, வேறு யாரையும் ஏற்றாமல் முழு டாக்சி, வாடகை 25 வெள்ளி. கம்பார், தாப்பா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். பின் இருக்கையில் அப்பாவின் கைகளை இறுக்கிப் பிடித்தபடியே வந்தேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்த டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, பெரியவரு கைய விடுங்க லா. என் டாக்சிக்கு ஒன்னும் ஆகாது."

நான் விடவில்லை. கடைசி ஆறு கிலோமீட்டர் செம்மண் சாலை. போய்ச் சேர 10.50. மொத்தம் ஆறு கட்டில்கள். நடத்தியவர் பொன்னம்மா அக்கா, அந்த ஆஸ்பத்திரி மூடும்வரை அங்கே ஆயாவாக இருந்தவர். அன்று நானும் அங்கேயே தங்கினேன்.

மறுநாள் 7 மணிக்குக் கஞ்சியோடு உட்கார்ந்தேன். ஒரு கையால் அப்பாவின் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஊட்டினேன். வாய் திறக்கவே இல்லை.

"தங்கச்சி, கைய விடு," என்றார் பொன்னம்மா அக்கா.

"தட்டி விட்டுருவாரு அக்கா."

"விடு லா, பார்ப்போம்."

விட்டேன். அப்பாவின் இடது கை எதையோ உரித்தது. வலது கை சாய்வாக இறங்கியது. உடம்பு கொஞ்சம் திரும்பியது. மறுபடியும் அதே.

அக்கா சிரித்துவிட்டார். "உங்கப்பா மரம் வெட்டுறாரு! பாதி நிரையில நின்னுக்கிட்டு யாரு பசியாறுவா? வெட்டி முடிக்கட்டும்."

மரம் வெட்டுகிறவர்கள் வெறும் கோப்பியைக் குடித்துவிட்டு இருட்டோடு போவார்கள். தங்கள் பங்கு மரங்களை வெட்டி முடித்து, கை கழுவிய பிறகுதான் பசியாறல். ஈப்போவில் விடுதியில் தங்கிப் படித்த எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

9.40க்கு அப்பாவின் கைகள் தாமாக ஓய்ந்தன. அக்கா வாளித் தண்ணீரில் அவற்றைக் கழுவி, ரொட்டியைக் கோப்பியில் நனைத்து நீட்டினார். அப்பா வாயைத் திறந்தார். ஏழு வாய் சாப்பிட்டார். அப்பாடா என்று நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு ஐந்து மாதம் இருந்தார். கடைசி வாரம் விழுங்க முடியவில்லை. குழாய் போட்டுவிடலாமா என்று தடுமாறினேன்.

"அவருக்குப் பசி அடங்கிருச்சு தங்கச்சி. குழாய் போட்டா அது உன் மனசுக்குத்தான்," என்றார் அக்கா. உதட்டை மட்டும் ஈரத்துணியால் நனைத்துக்கொண்டிருந்தோம். ஒரு மதியம், கட்டு இல்லாத கையோடு போனார்.

தேடிப் போகாதீர்கள், அந்த இடம் இப்போது எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காடு. நீங்கள் பார்க்கும் இல்லத்துக்குச் சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் போங்கள். யார் கையாவது கட்டியிருந்தால் திரும்பிவிடுங்கள். உங்கள் அப்பாவோ அம்மாவோ என்ன வேலை செய்தார், எத்தனை மணிக்கு, எதை முடித்துவிட்டுச் சாப்பிட்டார் என்று எழுதிக் கொடுங்கள். தெரியாவிட்டால் அவரோடு வேலை செய்தவர்களைக் கேளுங்கள். நான் கேட்காததால் அப்பா பதினொரு நாள் கட்டுண்டு கிடந்தார். ஆனால் அந்த ஐந்து மாதம் அவர் பட்டினி கிடக்கவில்லை. அதனால்தான் எனக்கு இன்றும் தூக்கம் வருகிறது.